காலையில் மட்டும் நெளிந்த சாலை

கண்ணாடிக் கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு வாழ்த்துகள். நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் காலத்தில் வாடிக்கையாளரின் மூக்குக்கு நேரே சின்ன அளவுகோலைப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, மூச்சையும் அடக்கிக்கொண்டு கருவிழிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தோம். காலையில் பூண்டு சாப்பிட்டவர் யார், வாசலில் பீடியை அணைத்துவிட்டு வந்தவர் யார் என்பதையெல்லாம் அந்த நெருக்கத்தில் தெரிந்துகொண்டோம். உங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கையில் டேப்லெட் இருக்கிறது. ஒரு படம் எடுத்தால் அளவு வந்துவிடும். மில்லிமீட்டருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து இன்னொரு எண்ணும் வரும். அந்தப் புள்ளியைப் பார்த்ததும் நமக்கு ஒரு நம்பிக்கை பிறக்கும் பாருங்கள், அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஆலங்காயத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஜவ்வாது மலைக்கு ஏறுகிற பேருந்துகள் எங்கள் கடைத் தெருவைத் தாண்டித்தான் போகும். மலையிலிருந்து புளியும் சாமையும் இறங்கும், கூடவே கண் மங்கியவர்களும் இறங்குவார்கள். எல்லோருக்கும் நான் கிரேஸ் அக்கா. என்னைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதைக் கேட்டுத் திருத்துகிற அளவுக்கு நான் துணிந்தவள் இல்லை.

டிஜிட்டல் ப்ரோகிரசிவ் லென்ஸ் எங்கள் கடைக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பத்தூரில் ஓர் ஓட்டலின் ஏசி அறையில் கூட்டம் போட்டார்கள். சுற்றுவட்டாரக் கண்ணாடிக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் சலவைச் சட்டையில் வந்திருந்தார்கள். கம்பெனிப் பிரதிநிதி திரையில் ஒரு படம் ஓட்டினார். வைர முனை ஒன்று லென்ஸைச் சுற்றிச் சுற்றிச் செதுக்கியது. பின்னணியில் ராக்கெட் விடும்போது போடுகிற மாதிரி இசை. படம் முடிந்தபோது எங்கள் முதலாளி கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். எனக்கும் கண்ணில் நீர் வந்தது, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை.

விஷயம் என்ன என்பதை வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்வதையும் கேட்டு வையுங்கள். நாற்பதைத் தாண்டியவருக்கு ஒரே கண்ணாடியில் மேலே தூரப் பார்வை, கீழே படிக்கிற பார்வை, நடுவில் இரண்டையும் சேர்க்கும் ஒரு குறுகலான சந்து. சந்தில் கண் இறங்க இறங்கப் பவர் கூடிக்கொண்டே வரும். சந்துக்கு இரண்டு பக்கமும் மங்கல்தான், அங்கே பார்வை போனால் நேரான கோடும் வளையும். ப்ரோகிரசிவ் என்றால் இவ்வளவுதான். அந்த மங்கலை யாராலும் ஒழிக்க முடியாது. தள்ளி வைக்கலாம், பரப்பி விடலாம், ஓரமாக ஒதுக்கலாம். எந்த வகை லென்ஸிலும் அது உண்டு, விளம்பரத்தில் மட்டும் கிடையாது.

பழைய வகையில் இந்த மேல், கீழ், சந்து எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே லென்ஸின் முன்பக்கத்தில் வார்த்து அனுப்பிவிடுவார்கள். லேபில் பின்பக்கத்தை மட்டும் அவரவர் பவருக்குத் தேய்ப்பார்கள். ரெடிமேட் சட்டை வாங்கிக் கையை மட்டும் மடித்துத் தைத்துக்கொள்வதைப் போல. யாரோ ஒரு சராசரி மனிதரை நினைத்து வார்த்தது அது. அந்தச் சராசரி மனிதர் எங்கள் கடைக்கு ஒருநாளும் வந்ததில்லை. டிஜிட்டல் வகை அப்படி அல்ல. உங்கள் பவர், கருவிழி எந்த உயரத்தில் இருக்கிறது, கண்ணிலிருந்து கண்ணாடி எவ்வளவு தள்ளி நிற்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது, ஃப்ரேம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கணக்குப் போட்டு, புள்ளி புள்ளியாகச் செதுக்குகிறார்கள். பெரும்பாலும் பின்பக்கத்தில் செதுக்குவதால், அந்தச் சந்து கண்ணுக்குப் பக்கத்தில் வந்து, பார்வையின் அகலமும் கொஞ்சம் கூடுகிறது. இது அளவெடுத்துத் தைத்த சட்டை. நல்ல சட்டைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அளவு கொடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நின்றவருக்கு அந்தச் சட்டை எப்படி உட்காரும் என்பதை மட்டும் அந்தக் கூட்டத்தில் யாரும் படம் போட்டுக் காட்டவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுப்பவர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடை வாசலில் செருப்பு கழன்றுவிடும். தலையில் இருக்கும் துண்டோ மப்ளரோ அக்குளுக்குப் போய்விடும். முடி படிந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்தால் ஆதார் அட்டைக்குப் படம் எடுப்பதாக நினைத்து முதுகு நிமிர்ந்துவிடும். வீட்டில் கட்டிலில் சாய்ந்துகொண்டு டிவி பார்க்கிற மனிதரை நாம் பார்ப்பதே இல்லை. நம் முன்னால் உட்காருவது அவருடைய மரியாதைக்குரிய அண்ணன்.

ஆரோக்கியம் அப்படிப்பட்டவர்களில் முதல் வரிசை. அடிவாரக் கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பம். ஆலங்காயத்திலிருந்து விடியற்காலையில் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் ஒரு தனியார் பேருந்தின் ஓட்டுநர். மலைப் பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஆஸ்பத்திரி நர்ஸம்மா, கீழே வந்து தங்கிவிட்டு ஊர் திரும்பும் விவசாயிகள் என்று வண்டி நிறைய ஆட்கள் இருப்பார்கள். காலையில் ஏற்றம், மத்தியானம் இறக்கம். வளைவுகளில் அவர் ஸ்டீயரிங்கைத் திருப்புவதைப் பார்த்தால் நமக்குத் தூக்கம் வரும், அவ்வளவு நிதானம். வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எந்த வேலையும் தெரியாது என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பல வருடங்களாகப் பழைய வகை ப்ரோகிரசிவ் போட்டிருந்தார். முகத்தில் பாதியை மூடுகிற பெரிய ஃப்ரேம். அந்த மார்கழியில் பவர் கொஞ்சம் மாறியிருந்தது. கிறிஸ்துமஸுக்குள் புதுக் கண்ணாடி வேண்டும் என்று மகளோடு வந்தார். மகள் சின்னதாக, நாகரிகமாக ஒரு ஃப்ரேமை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்குப் பார்த்துக் கம்பெனிப் பிரதிநிதி கடையில் இருந்தார்.

“ஃப்ரேம் கொஞ்சம் குட்டையா இருக்குதே,” என்றேன்.

“டிஜிட்டல்ல அது பிரச்சினையே இல்ல மேடம். எந்த ஃப்ரேமுக்கும் போடலாம். குட்டை டிசைன் இருக்கு,” என்றார் பிரதிநிதி.

குட்டை டிசைன் என்பது என்ன என்றால், சின்ன ஃப்ரேமுக்குள் மேலையும் கீழையும் அடக்குவதற்காக நடுச்சந்தைச் சுருக்கிவிடுவது. கண் கொஞ்சம் இறங்கினாலே பவர் விறுவிறுவென்று ஏறிவிடும். பிழையான டிசைன் அல்ல அது. கண்ணாடி மூக்கில் சொன்ன இடத்தில், சொன்ன உயரத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அளவெடுத்தது வெண்ணிலா. கண் பரிசோதனை படித்துப் பட்டம் வாங்கி எங்கள் கடைக்கு வந்த பெண், கெட்டிக்காரி. ஆரோக்கியம் தலையைச் சீவிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டேப்லெட்டைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். அளவுகள் அழகாக வந்தன. பழைய கண்ணாடியைக் கொடுத்தால் புதியதில் தள்ளுபடி என்று அப்போது ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. லென்ஸ் வந்த அன்று பழைய கண்ணாடி கம்பெனிப் பெட்டிக்குள் போய், பெட்டி சென்னைக்கும் போய்விட்டது. வாடிக்கையாளர் திரும்பிப் போக வழியில்லாமல் செய்வதற்குப் பெயர் சலுகை.

ஒரு வாரத்தில் ஆரோக்கியம் திரும்பி வந்தார்.

“அக்கா, காலைல ஏறும்போது ரோடு நெளியுதுங்க. வளைவுல கண்ணைத் திருப்புனா செவுரு எங்க கீது, பள்ளம் எங்க கீதுன்னு ஒரு நொடி பிடிபட மாட்டேங்குது.”

“மத்தியானம்?”

“மத்தியானம் ஜம்முனு இருக்குதுங்க. பழைய கண்ணாடியவிட நல்லா இருக்குது. சைடுல வர்ற வண்டிகூட தெளிவாத் தெரியுது.”

உள்ளே இருந்து முதலாளி குரல் கொடுத்தார். “பழகிடும் ஆரோக்கியம். புதுசுல்ல. பழகிடும்.”

“பழகிடும்” என்பது நம் தொழிலின் சர்வரோக நிவாரணி. சில சமயம் உண்மையும்கூட. பழைய வகையிலிருந்து டிஜிட்டலுக்கு மாறுகிறவர்களுக்கு மங்கல் இருக்கும் இடமே மாறிவிடுவதால், மூளை புதிதாக வழி கற்றுக்கொள்ளச் சில நாள் பிடிக்கும். ஆனால் மத்தியானம் பழகிய மூளை மறுநாள் காலையில் மறந்துபோகுமா என்று கேட்க வேண்டும். நான் கேட்டேன். முதலாளி டீ சொல்லி அனுப்பினார்.

அடுத்த முறை வந்தபோது கண் டாக்டரிடம் அனுப்பினோம். காலையில் மட்டும் மங்கல் என்றதும் டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொன்னார். நியாயமான சந்தேகம்தான், சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் ஏறி இறங்கும். பார்த்தார்கள். ஆரோக்கியத்தின் வீட்டில் சர்க்கரை இருந்த ஒரே இடம் சமையலறை டப்பா. கண்ணின் உள்ளேயும் எல்லாம் சுத்தமாக இருந்தது. பிறகு கம்பெனிக்குப் புகார் போனது. அவர்கள் பெருந்தன்மையாக வேறு ஒரு ஜோடி செய்து அனுப்பினார்கள். அதே ஃப்ரேம், அதே டிசைன், அதே அளவு. மேலே சொன்ன வைர முனை, அதே லென்ஸை இம்மி பிசகாமல் மறுபடி செதுக்கிக் கொடுத்தது. காலையில் சாலை நெளிந்தது, மத்தியானம் ஜம்மென்று இருந்தது.

நானும் வெண்ணிலாவும் கேட்காத கேள்வி இல்லை. காலையில் வெளிச்சம் குறைவா, கண்ணாடியில் பனி படிகிறதா, தூக்கம் போதவில்லையா, சீட்டை முன்னால் தள்ளிப் போடுகிறீர்களா என்றெல்லாம் கேட்டோம். எல்லாவற்றுக்கும் மனிதர் மப்ளரை அக்குளில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் பதில் சொன்னார்.

தை பிறப்பதற்குச் சில நாள் முன்னால் ஒரு மத்தியானம் வந்தார். வழக்கமாக நிமிர்ந்து உட்காருகிறவர் அன்று குனிந்து உட்கார்ந்தார். அன்று காலை ஒரு வளைவில் வண்டியின் இடது பக்கம் ஓரச் சுவரில் உரசியிருக்கிறது. யாருக்கும் ஒன்றுமில்லை. பெயிண்ட் போயிருக்கிறது, ஜன்னலோரம் இருந்த ஒரு டீச்சர் கத்தியிருக்கிறார். பஸ் முதலாளி இன்னொரு தடவை இப்படி நடந்தால் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

“அவரு வாங்கறதுக்கு முன்னாடி நானே குடுத்துடலாம்னு இருக்கறேங்க,” என்றார் ஆரோக்கியம். “சனிக்கிழமை குடுத்துட்டு வூட்ல குந்திக்கறேன்.”

“ஏன் அப்படிச் சொல்றீங்க? கண்ணு நல்லா இருக்குதுன்னு டாக்டரே சொன்னாரே.”

“எங்க அண்ணனுக்கும் அப்படித்தாங்க சொன்னாங்க. லாரி ஓட்டினு இருந்தாரு. காலைல மட்டும் மங்கலா கீதுன்னுதான் மொதல்ல சொன்னாரு. இப்ப அண்ணிதான் கையப் புடிச்சி கோயிலுக்கு இட்டுனு போவுது. எனக்கும் அதாங்க வந்துகீது. பாவம், வண்டில இருக்கற ஜனம் இன்னா பண்ணுச்சி?”

அவர் இத்தனை நாளும் கண்ணாடியைக் குறை சொல்லத்தான் வருகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அவர் கண்ணாடிதான் கெட்டது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று வந்திருக்கிறார். நாங்களோ கண்ணாடி உத்தமம் என்று நிரூபித்து நிரூபித்து அனுப்பியிருக்கிறோம். அப்படியானால் கண்தான் போகிறது என்ற முடிவுக்கு நாங்களே வழிகாட்டியிருக்கிறோம்.

இந்த இடத்தில் பிரதிநிதி போனில் வந்தார். இதைவிட உயர்ந்த டிசைன் ஒன்று இருக்கிறது, உடனே ஆர்டர் போட்டால் பொங்கலுக்குள் வந்துவிடும் என்றார். முதலாளிக்கும் சம்மதம். வாடிக்கையாளர் தலையில் இடி விழும்போதுதான் நம் ஆட்களுக்கு உயர்ந்த டிசைன் ஞாபகம் வரும்.

“யாரும் எதுவும் ஆர்டர் போடாதீங்க,” என்றேன். “ஆரோக்கியம், நாளைக்குக் காலைல நான் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன். நான் வந்து பாக்கற வரைக்கும் நீங்க வண்டிய எடுக்கக் கூடாது. பஸ் ஓனர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

“இன்னா கிரேஸ், கண்ணாடிக் கடை வேலைய விட்டுட்டு கண்டக்டர் வேலைக்குப் போறியா?” என்றார் முதலாளி.

“அதுக்காவது விசில் தருவாங்க,” என்றேன்.

மறுநாள் விடியற்காலையில் பேருந்து நிலையம் பனியில் நின்றது. டீக்கடைப் பக்கமாக ஒதுங்கி நின்றுகொண்டு பார்த்தேன். முன்கூட்டியே போய் நின்றதற்குக் காரணம் இருந்தது. வருவேன் என்று சொல்லியிருந்தாலும், நான் நிற்பதைப் பார்த்துவிட்டால் அவர் கடையில் உட்காருவதைப் போலவே வண்டியிலும் நிமிர்ந்து உட்காருவார் என்று பயந்தேன். மற்றபடி எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது.

வண்டிக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் வந்தார். தலையிலிருந்து கழுத்துவரை பழுப்பு நிற மப்ளர். காதை மூடி, கன்னத்தை மூடி, தாடையைச் சுற்றி, மூக்கின் நுனிவரை ஏறியிருந்தது. அதற்கு மேல் கண்ணாடி. கண்ணாடியின் கால்கள் காதில் உட்காராமல் மப்ளர் மடிப்பின் மேல் நின்றன. கீழ் விளிம்பு கன்னத்து மடிப்பில் ஏறி உட்கார்ந்து, முழு ஃப்ரேமும் மேலே தூக்கி, முன்னால் தள்ளி நின்றது. யாரோ மலைக்காரர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்த ஆள் என்னைப் பார்த்தார். பார்த்த நொடியில் ஒரு கையால் கண்ணாடியைக் கழற்றி, மறு கையால் மப்ளரை விறுவிறுவென்று அவிழ்த்து, அக்குளில் இடுக்கி, முடியைத் தடவி, கண்ணாடியை ஒழுங்காக மூக்கில் வைத்துக்கொண்டு, “வணக்கங்க அக்கா” என்றார்.

ஆரோக்கியம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வாரமாக அந்த மப்ளர் எங்கள் கடைக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. டேப்லெட்டின் கேமராவுக்கு முன்னாலேயே அக்குளில் இருந்தது. எங்கள் மேல் வைத்த மரியாதைக்காக அவர் அதைத் தலையில் வைக்காமல் இருந்தார், அவ்வளவுதான்.

“மறுபடி கட்டுங்க,” என்றேன்.

“பரவால்லீங்க.”

“மரியாதை போதும். தினமும் எப்படிக் கட்டுவீங்களோ அப்படிக் கட்டுங்க.”

கூச்சத்தோடு கட்டிக்கொண்டார். கண்ணாடியை அதன் மேல் மாட்டினார். எதிர்க்கோடியில் நின்ற வாணியம்பாடி பஸ்ஸின் பலகையைப் படிக்கச் சொன்னேன். முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இடது பக்கம் ஓட்டி, சுவரோரம் இருக்கும் தூணைப் பார்க்கச் சொன்னேன்.

“நெளியுதுங்க. இதாங்க, இதேதான்.”

“இப்ப கன்னத்துல இருக்கறத தாடைக்குக் கீழ இறக்குங்க. கண்ணாடி கீழ எறங்கட்டும். இப்ப பாருங்க.”

பார்த்தார். தூணைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடி தூணைப் பார்த்தார். “நெளியலீங்க,” என்றார்.

நடந்தது இதுதான், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மப்ளர் கண்ணாடியை மேலே தூக்கியதும், தூரம் பார்க்க வேண்டிய கண்ணுக்கு நேரே அந்தக் குட்டைச் சந்து வந்துவிட்டது. வேகமாகப் பவர் ஏறுகிற, இரண்டு பக்கமும் மங்கல் நெருக்குகிற இடம். வளைவில் கண்ணைப் பக்கவாட்டில் ஓட்டினால் நேராக மங்கலுக்குள் போய் விழும். போதாக்குறைக்கு, கண்ணிலிருந்து இவ்வளவு தூரம், இவ்வளவு சாய்வு என்று கம்ப்யூட்டர் போட்ட கணக்கும் வேறு முகத்துக்கான கணக்காகிவிட்டது. மத்தியானம் வெயிலில் மப்ளர் கிடையாது, கண்ணாடி சொன்ன இடத்தில் உட்காரும், லென்ஸும் சொன்னபடி வேலை செய்யும். பழைய கண்ணாடியையும் அவர் மப்ளர் மேல்தான் போட்டிருந்தார். பெரிய ஃப்ரேம், நீளமான சந்து, பவர் சோம்பேறித்தனமாக மெதுவாக ஏறும். கொஞ்சம் தூக்கி நின்றாலும் அது கண்டுகொள்ளவில்லை. அதனால் பழைய வகைதான் உயர்ந்தது என்று கிளம்பிவிடாதீர்கள், அந்தக் கட்சியும் ஒன்று இருக்கிறது, அவர்களோடு டீ குடிப்பதுகூடக் கஷ்டம். டிஜிட்டல் லென்ஸ் சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்கு ஒரு மனிதரைச் சொல்லிவிட்டு, வேறு மனிதரின் மூக்கில் மாட்டினோம்.

இதையெல்லாம் அவரிடம் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. “கண்ணுக்கு ஒண்ணுமில்ல. மப்ளர்தான் கண்ணாடியத் தூக்குது,” என்று மட்டும் சொன்னேன்.

பஸ்ஸின் முன்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப அண்ணனுக்கு வந்தது எனக்கு வரலீங்களா?”

“இன்னிக்கு வரல. அண்ணனுக்கு இருக்கறதால நீங்க வருஷா வருஷம் டாக்டர்கிட்ட காட்டணும். அத விட்டுடாதீங்க. ஆனா இது அது இல்ல.”

கண்ணாடியைக் கழற்றி, மப்ளர் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பனி என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

வண்டி கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. மப்ளர் இல்லாமல் போகலாம் என்றால், காதில் பனிக்காற்று அடித்தால் ஒரு வாரம் படுத்துவிடுவேன் என்றார். அதனால் கண்ணாடியை முதலில் மாட்டச் சொல்லி, கால்கள் காதில் சரியாக உட்கார்ந்த பிறகு, மப்ளரை அதன் மேல் காதோடு இறக்கி, கன்னத்தைத் தொடாமல் தாடைக்கு அடியில் நானே முடிச்சுப் போட்டேன். அதற்குள் வண்டியில் ஆட்கள் ஏறியிருந்தார்கள். புளி மூட்டை விற்றுவிட்டு ஊர் திரும்பும் மலைக்கார அம்மா ஒருவர் ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, டிரைவருக்குப் பல்லு வலியா?”

“ஆமாங்க,” என்றேன். “புடுங்கியாச்சு.”

மறுபடியும் தூணையும் பலகையையும் பார்க்க வைத்து, நெளிவு இல்லை என்று உறுதியான பிறகுதான் சாவியைப் போடச் சொன்னேன். அவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து நானும் மலை ஏறினேன். முதல் வளைவில் அவர் தோள் இறுகியதைப் பார்த்தேன். அடுத்தடுத்த வளைவுகளில் தளர்ந்தது. காவலூர் தாண்டியதும் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. அவர் ஓட்டினால் அப்படித்தான் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

கடைக்குத் திரும்பியதும் மிச்ச வேலையைப் பார்த்தோம். முடிச்சு ஒரு நாளைக்கு நிற்கும், தினமும் நிற்காது. ஆரோக்கியத்தை மப்ளரோடு நாற்காலியில் உட்கார வைத்து வெண்ணிலா டேப்லெட்டைத் தூக்கினாள். டேப்லெட் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முகம் கிடைக்கவில்லை என்றது. வெளிச்சமான இடத்தில் நிற்கும்படி அறிவுரையும் சொன்னது. வெண்ணிலா அதை ஓரமாக வைத்துவிட்டு, பேனாவால் மாதிரி லென்ஸில் புள்ளி வைத்து, அளவுகோலை எடுத்து, மப்ளரோடு ஒரு முறையும் மப்ளர் இல்லாமல் ஒரு முறையும் அளந்தாள். இரண்டுக்கும் இடையே நல்ல வித்தியாசம் இருந்தது.

“அக்கா, ரெண்டுல எதைக் குடுக்கறது?” என்று கேட்டாள். நம் தொழிலில் அதைவிட நல்ல கேள்வி இல்லை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அச்சாகப் பொருந்துகிற லென்ஸ் கிடையாது. பெரிய ஃப்ரேமாக மாற்றி, நீளமான சந்து உள்ள டிஜிட்டல் டிசைனாக எடுப்பது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். தூரப் பார்வையின் இடத்தைக் காலை முகத்துக்கு ஏற்றபடி வைத்தோம், ஏனென்றால் பள்ளம் காலையில்தான் இடது பக்கம் இருக்கிறது. மத்தியானத்தில் படிக்கும்போது தாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அவரிடம் முன்கூட்டியே சொன்னோம். “டிக்கெட்டப் படிக்கறது கண்டக்டர் வேலைங்க,” என்றார் அவர். மகளுக்குத்தான் ஃப்ரேம் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. சாவி அவரிடமே இருந்தது. இன்றுவரை அவரிடம்தான் இருக்கிறது.

ஆகவே, புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை நம்புங்கள், தாராளமாக நம்புங்கள். அந்த எண் யாருடையது என்று மட்டும் ஒரு முறை கேளுங்கள். ஏணியில் நின்று பார்ப்பவரா, படுத்துக்கொண்டு படிப்பவரா, தலையில் சும்மாடு வைத்துச் சுமப்பவரா, ஹெல்மெட்டுக்குள் கண்ணாடியைச் சொருகுபவரா என்று கேளுங்கள். கேட்டாலும் பாதிப்பேர் சொல்ல மாட்டார்கள், மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். அக்குளில் இருப்பதை வாங்கி, தலையில் வைத்துப் பாருங்கள். கம்பெனிக்காரர்கள் இதற்கும் ஒரு கருவி விற்பார்கள், பொறுத்திருந்து வாங்கிக்கொள்ளலாம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, போன தை மாதம் ஜமுனாமரத்தூரில் ஒரு கல்யாணத்துக்காக அதே முதல் பேருந்தில் ஏறினேன். வருவதை முன்கூட்டிச் சொல்லவில்லை, நடுவில் ஒரு சீட்டில் உட்கார்ந்திருந்தேன். நல்ல பனி. காதும் கன்னமும் தெரியாமல் பழுப்பு மப்ளர், அதன் மேல் பெரிய ஃப்ரேம். வளைவுகள் வழுக்கிக்கொண்டு போயின. மலையின் பாதியில் ஒரு வளைவை நெருங்கும்போது உள்கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் அவர் கண் விரிந்தது. இடது கை ஸ்டீயரிங்கை விட்டு மெல்ல மப்ளரை நோக்கி எழும்பியது.

“ஆரோக்கியம்,” என்றேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி. “கை கீழ இருக்கட்டும். வணக்கத்த மேல போய் வெச்சிக்கலாம்.”

கை இறங்கியது. வளைவு திரும்பியது.